கல்லைப் பிடித்த கை

குணசேகரத்தின் வலது கையை ஒரு மாசி மாதக் காலையில் தகடு வெட்டும் இயந்திரம் மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. சுவிஸ் நாட்டின் நொஷாட்டல் நகரில் கைக்கடிகாரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் அந்த இயந்திரத்தோடு பல வருடங்கள் நின்றவர். காயம் ஆறிவிட்டது. ஆறிய பிறகுதான் அவர் சாப்பாட்டை விட்டார்.

அறவே விட்டார் என்று சொல்ல முடியாது. பிறர் பார்க்கச் சாப்பிடமாட்டார், அவ்வளவுதான். மனைவி ஜெயகௌரி கோப்பையில் சோறு போட்டுக் கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். இடது கையால் சோறு அள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"கன்ரீனில இவ்வளவு காலமும் கரண்டியாலதானே சாப்பிட்டனீங்கள்" என்று ஒருநாள் ஜெயகௌரி சொல்லிப் பார்த்தாள்.

"அந்தக் கரண்டியைப் பிடிச்சது இந்தக் கை" என்று அவர் இல்லாத கையை நீட்டிக் காட்டினார்.

அவள் ஊட்டிவிடப் போன அன்று கோப்பை தரையில் விழுந்து உடைந்தது. அதோடு அவள் அந்த முயற்சியைக் கைவிட்டாள்.

கோயிலுக்கும் அவர் போவதில்லை. கடைசியாகப் போன திருவிழாவில், விபூதி வாங்குகிற வரிசையில் இடது கையை நீட்டுவதா விடுவதா என்று தயங்கி நின்றார். ஐயர் நல்ல மனிதர். ஒரு கணம் பார்த்துவிட்டு, தானே விபூதியை எடுத்து அவருடைய நெற்றியில் பூசிவிட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அன்பாகச் செய்த காரியம்தான் குணசேகரத்தை அதிகம் சுட்டது. வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவியவர் பிறகு கோயில் பக்கம் திரும்பவில்லை.

ஆள் மெலிந்துகொண்டே போனார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் வைத்துக் குழாய் வழியாகத்தான் உணவு கொடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். ஜெயகௌரி ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். வேலைக்குப் போகுமுன் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றி நிற்கும்போது அவள் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. போன கை போனதுதான் என்று அவளுக்குத் தெரியும். மனிதர் மேசைக்கு வந்து தன்னோடு இருந்து ஒரு நேரம் சாப்பிட்டால் போதும் என்று மட்டும் கேட்டாள்.

அந்த நிலையில்தான் ரிஷானி வந்தாள். சலவைக்கூடத்தில் ஜெயகௌரியோடு வேலை செய்யும் இந்திராவின் மகள் அவள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ஏரிக்கரையில் உள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆதி மனிதருடைய கற்கருவிகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, ஒண்டு கேட்டாக் கோவிப்பீங்களோ தெரியேல்ல."

"கேள் பிள்ளை. கோவிச்சாலும் அடிக்க ஒரு கைதான் கிடக்கு."

ரிஷானி பையிலிருந்து சாம்பல் நிறக் கட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். உண்மையான கல்லை வெளியே கொண்டுவர விடமாட்டார்களாம். இது பிளாஸ்டிக்கில் அச்சடித்த நகல். ஜூரா மலையில் உள்ள ஒரு குகையில், நாற்பதாயிரம் வருடத்துக்கு முந்திய மண்ணில், கல்லிலிருந்து உடைத்தெடுத்த சில்லுகள் கிடைத்தன. உடைந்த குடத்தின் ஓடுகளைப் பொருத்துவதுபோல அவள் அந்தச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, உடைப்பதற்கு முன் கல் இருந்த உருவத்தைத் திரும்ப உண்டாக்கியிருந்தாள். அப்படிப் பொருத்தினால் எந்த அடி முதலில் விழுந்தது, எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று சொல்லிவிடலாம்.

"மற்றக் கல்லெல்லாம் சாதாரணமா உடைச்சிருக்கினம். ஒரு கையில கல்லை வைச்சுத் திருப்பித் திருப்பி, மற்றக் கையால அடிச்சிருக்கினம். இது மட்டும் வேற மாதிரி. அடி எல்லாம் இடப்பக்கத்தில இருந்து, ஒரே சரிவில விழுந்திருக்கு. இதைச் செய்த ஆளுக்கு இடது கை மட்டும்தான் இருந்திருக்கு எண்டு நான் நினைக்கிறன். ஆனா நினைச்சாக் காணாது. ஒரு கையோட இருக்கிற ஆள் அடிச்சுப் பார்க்கவேணும்."

அடுக்களை வாசலில் நின்ற ஜெயகௌரி அறைக்கதவைப் பார்த்தாள். குணசேகரம் எழுந்து அறைக்குள் போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் அந்தக் கட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் இவங்கள்? எங்களைப் போல ஆக்களோ?"

"அதுதான் தெரியேல்ல மாமா. நியண்டர்தால் எண்டு வேற மனிச இனம் ஒண்டு இஞ்ச கனகாலம் இருந்தது. பிறகுதான் எங்களைப் போல மனிசர் தெற்கால இருந்து வந்தவை. இது ரெண்டு பேரில ஆற்ற கை எண்டு சொல்லேலாது."

"அப்ப நியண்டர்தால் இந்த நாட்டுக்காரன். எங்கட ஆக்கள் பிறகு வந்தவை."

"ஓம்."

"இஞ்ச இருக்க எத்தினை வருசத்தால பெர்மிட் குடுத்தவங்கள்?"

ரிஷானி சிரித்துவிட்டாள். ஜெயகௌரிக்குச் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கியது. அவர் பகிடி விட்டு எவ்வளவு காலம்!

குணசேகரம் கட்டியைக் கீழே வைக்கவில்லை. "இவன் தனியச் செய்தவனோ?" என்று கேட்டார்.

"தெரியாது. கல்லைக் காலால பிடிச்சிருக்கலாம். துடைக்கு நடுவில வைச்சிருக்கலாம்."

"தனியத்தான் செய்திருப்பான்" என்றார் அவர். அதைத் தனக்குள் முடிவு செய்துவிட்டவர்போல மறுபடியும் சொன்னார். "தனியத்தான்."

ஆய்வுக்கூடத்தின் பின்புறத்தில் காற்றோட்டமான ஒரு கொட்டகை இருந்தது. கல்லின் தூசி நெஞ்சுக்குள் போகக்கூடாது என்பதால் வேலை அங்கேதான். கண்ணாடி போட்டு, துடையில் தடித்த தோலை விரித்து, கீழே படங்கு ஒன்றைப் பரப்பி வைப்பார்கள். விழுகிற சில்லில் பொடித்துண்டு கூடத் தவறாமல் பொறுக்கிப் பையில் போட்டுக் கட்டவேண்டும். இன்றைக்கு உடைத்த கல் மண்ணில் கிடந்தால், நாளை யாராவது தோண்டி எடுத்துப் பழையது என்று நம்பிவிடுவார்களாம். அந்த ஒழுங்கு குணசேகரத்துக்குப் பிடித்திருந்தது. தொழிற்சாலையிலும் அப்படித்தான், ஒரு சீவல் கூடத் தரையில் கிடக்கக்கூடாது.

ஆனால் கல் அவருக்கு வசப்படவில்லை. பாதங்களுக்கு நடுவே வைத்து அடித்தால் வழுக்கி ஓடியது. துடைகளுக்கு நடுவே இறுக்கினால், அடி நேர்கீழாகத்தான் இறங்கியது. குகையில் கிடைத்த கல்லின் சரிவு வரவில்லை. பெரிய பாறைமேல் வைத்து அடித்தபோது சில்லு வந்தது. ரிஷானி அதை எடுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"கீழ இருக்கிற கல்லும் திருப்பி அடிக்குது மாமா. பாருங்கோ, அடிநுனி நசுங்கியிருக்கு. பழைய சில்லில இந்த நசுக்கல் இல்லை."

"அவனுக்கு ஏலுமெண்டா எனக்கும் ஏலும்."

அன்று வீட்டுக்கு வந்தவர் கோப்பையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்தது. ஜெயகௌரி அதைக் கழுவாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கிழமைக்கு ஒருமுறை கொட்டகைக்குப் போனது அவருக்குப் போதவில்லை. வீட்டில் பழகக் கொஞ்சம் கல் தா என்று ரிஷானியைக் கேட்டார். வெளியே கொடுப்பது ஒழுங்கில்லை என்று அவள் முதலில் மறுத்தாள். அவருடைய முகம் வாடுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. கல் நிறைந்த ஒரு பையையும் கண்ணாடியையும் தோலையும் கொடுத்துவிட்டு எச்சரித்தாள்.

"உடைக்கேக்க பக்கத்தில ஒருத்தரும் நிக்கக்கூடாது."

"எனக்குப் பக்கத்தில ஆர் நிக்கப்போகினம்?" என்றார் அவர்.

இரக்கத்தால் செய்த காரியம் எல்லாம் நன்மையில் போய் முடிவதில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையின் மனத்தில் இருந்தது இரக்கம்தான். கடவுள் அதையும் எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பல்கனியில் பழைய படுக்கை விரிப்பை விரித்து அவர் வேலையைத் தொடங்கினார். கீழ்வீட்டு மதாம் முதல் நாளே கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையைத் தட்டினாள். அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து உடைத்தார். பாதத்தில் வெட்டு, துடையில் வெட்டு. கல் சில்லுச் சில்லாகப் போகாமல் நொருங்கி விழுந்தது. மூன்றாவது கிழமை கோப்பை மறுபடியும் நிறையச் சோற்றோடு திரும்பி வரத் தொடங்கியது. ஒரு பின்னேரம் ஜெயகௌரி வேலையால் வந்தபோது, அவர் விரிப்பின் நடுவே தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். முழங்காலுக்குக் கீழே இரத்தம் ஓடிக் காய்ந்திருந்தது.

அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவருக்கு முன்னால் சம்மணமிட்டு இருந்தாள்.

"குடுங்கோ. நான் பிடிக்கிறன்."

"வேண்டாம். அவன் தனியச் செய்தவன்."

"அவனுக்குப் பெண்சாதி இருந்திருக்க மாட்டாளோ?"

"இருந்திருந்தா உம்மளைப் போலப் பக்கத்தில இருந்து அலட்டியிருப்பாள். ஒரு கல்லும் உடைஞ்சிராது."

"அலட்டேல்ல. வாயை மூடிக்கொண்டு பிடிக்கிறன், அடியுங்கோ."

அவள் கல்லை இரண்டு கையாலும் பிடித்து, அவருடைய இடது பக்கமாகச் சற்றுச் சாய்த்து நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கித் தன் கையிலிருந்த அடிகல்லை இறக்கினார். முதல் இரண்டு அடியும் சும்மா போயின. மூன்றாவது அடியில் கண்ணாடி உடைவதுபோல ஒரு சுத்தமான சத்தம் கேட்டது. உள்ளங்கை அகலத்தில், ஓரம் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய ஒரு சில்லு அவளுடைய மடியில் விழுந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"வெட்டுமோ?" என்று கேட்டாள் அவள்.

"ஒரு தக்காளிப்பழம் கொண்டு வாரும்."

சில்லு தக்காளியைக் கத்தியைவிட நேர்த்தியாகச் சீவியது. குணசேகரம் தன்னை மறந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். மனைவி பார்க்கச் சாப்பிட்டோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஜெயகௌரி சட்டென்று முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தெரிந்துவிட்டால் நிறுத்திவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அவள் கல்லைப் பிடித்தாள். எந்த அளவுக்குச் சரிக்க வேண்டும், அடி விழும் கணத்தில் எவ்வளவு இளக்கிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுடைய கைக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தக்காளியோ கரட்டோ வைத்திருப்பாள். அவர் சீவிச் சீவிச் சாப்பிடுவார். அவள் ஏரியைப் பார்ப்பாள்.

ரிஷானி தொலைபேசியில் விசாரித்தபோது, "நல்லாச் சில்லு வருது" என்றார் குணசேகரம்.

"தனியவோ மாமா?"

அவர் ஜெயகௌரியைப் பார்த்தார். "தனியத்தான்."

ஜெயகௌரி விரிப்பில் கிடந்த சில்லுகளைப் பொறுக்கினாள். ஒரு மனிதர் நிமிர்ந்து நிற்பதற்கு ஒரு சின்னப் பொய் தேவை என்றால் அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். அந்தப் பொய்யை நம்பித்தான் ஒரு பெண்ணுடைய ஆராய்ச்சி நிற்கப்போகிறது என்பதை அவள் யோசிக்கவில்லை.

பை முடிகிற தறுவாயில் ஒரு கல் மிஞ்சியிருந்தது. அதிலிருந்து நீளமான ஒரு சில்லு எடுக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் சரியும், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே அவர் கையை ஓங்கினார். அவள் சரித்தாள். அடிகல் விளிம்பைத் தொட்டு வழுக்கி, கல்லின் பக்கமாக அவளுடைய விரல்களில் இறங்கியது. அதே வேகத்தில் பிரிந்த சில்லு உள்பக்கமாக வெட்டியது.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே ஜெயகௌரி எழும்ப முயன்றாள். விரிப்பு முழுவதும் இரத்தம். குணசேகரம் ஒற்றைக் கையால் துணியைச் சுற்றப் பார்த்தார். ஒரு முனையை இழுக்க மறுமுனை அவிழ்ந்தது. கடைசியில் அவளே ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில், கை கதவுக்குள் அகப்பட்டது என்று சொன்னாள். வலது கையின் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் எலும்பு நொருங்கியிருந்தது, நரம்பும் அறுந்திருந்தது. தைத்தார்கள். இனி அந்த விரல்கள் முழுதாக மடங்காது என்று அறுவை செய்த டாக்டர் தன்மையாகச் சொன்னார். படுக்கை விரிப்பு மடிக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய சொல் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் குணசேகரம் சில்லுகளை ஒன்றும் தவறாமல் பொறுக்கிப் பையில் கட்டினார். இரத்தம் பட்டவற்றைக் கழுவினார். பையை ஆய்வுக்கூடத்து வாசலில் கொடுத்துவிட்டு, ரிஷானியைப் பாராமலே திரும்பினார். உள்ளே ஒரு துண்டுக் கடதாசி வைத்திருந்தார். தனியச் செய்தது என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருந்தது. ஏன் எழுதினார் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பொய்யும் போய்விட்டால், மனைவியின் கையை உடைத்தவன் என்பதைத் தவிரத் தன்னிடம் வேறொன்றும் மிஞ்சாது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

அறைக்கதவு சாத்திக்கொண்டது. ஜெயகௌரி இடது கையால் வைத்த கஞ்சி வாசலில் ஆறிக் கிடந்தது. வெறுந்தேத்தண்ணி மட்டும் உள்ளே போனது. "முருகா, நான் கையைக் கேக்கேல்ல, ஆளைத்தான் கேட்டனான்" என்று அவள் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று பிள்ளையாரின் தம்பியைக் கூப்பிட்டு அழுதாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ரிஷானி கேக் பெட்டியோடு வந்தாள். கதவு திறந்ததுமே கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

"அன்ரி, மாமா எங்க? அப்பிடியே பொருந்துது! அதே சரிவு, அடியில நசுக்கல் இல்லை. ஒரு கையால, தனியச் செய்யலாம் எண்டு மாமா காட்டிப்போட்டார். நான் கட்டுரை எழுதப்போறன், அவற்ற பேரும்..."

அப்போதுதான் ஜெயகௌரியின் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள்.

"என்ன அன்ரி கையில?"

"கத்தி வெட்டிப்போட்டுது."

"அம்மா கதவெண்டு சொன்னவ. இவ்வளவு பெரிசெண்டு தெரியாது."

"கதவுதான். கத்தியோட போகேக்க கதவு வந்து..." ஜெயகௌரியால் முடிக்க முடியவில்லை.

ரிஷானி கேக் பெட்டியைக் கீழே வைத்தாள். ஒரு காயத்தைப் பார்த்து, அடி எங்கிருந்து வந்தது என்று சொல்வதுதான் அவளுடைய தொழில். காயம் கல்லில் இருந்தால் என்ன, விரலில் இருந்தால் என்ன. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்நுனிகள் கறுத்து வீங்கியிருந்தன. அவள் முகம் மெல்ல மெல்ல வெளிறியது.

அறைக்கதவு திறந்தது. குணசேகரம் கன்னம் ஒட்டி, தாடியோடு நின்றார்.

"விடும் கௌரி. இன்னொரு பொய் சொல்லாதையும்." பிறகு ரிஷானியைப் பார்த்தார். "நான் அடிச்சது. அவ கல்லைப் பிடிச்சுக்கொண்டிருந்தவ. எல்லாக் கல்லையும் அவதான் பிடிச்சவ. தனியக் கிழிச்சது ஒண்டுமில்லை."

"நான்தான் கல்லுத் தந்தனான்" என்றாள் ரிஷானி. "தந்திருக்கக்கூடாது."

"நீ பாவம் பார்த்துத் தந்தனீ. அந்தப் பழி உனக்கில்லை."

"எனக்கும் இருக்கு மாமா. நான் அங்க சொல்லத்தான் வேணும்."

அவள் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் பரிசோதனையை நிறுத்தினார்கள். இனிக் கல் உடைக்கும் வேலைக்கு அவளைப் பொறுப்பாக விடுவதில்லை என்றார்கள். எழுதத் தொடங்கிய கட்டுரையை அவள் மூடிவைத்தாள். கேக் அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்து காய்ந்து போனது. குணசேகரம் சாப்பிடவில்லை. அவர் கதைத்ததெல்லாம் ஒன்றுதான். "அப்ப அவனும் தனியச் செய்யேல்ல." அதை ஒரு மரணச்செய்தி போலச் சொன்னார்.

ஜெயகௌரி ரிஷானிக்குத் தொலைபேசி எடுத்து, "நீதான் பிள்ளை ஏதாவது செய்யவேணும், இந்த மனிசன் செத்துப்போகும்" என்றாள். அந்தக் கிழமையே, ஜெயகௌரிக்கு ஆஸ்பத்திரியில் விரல் பயிற்சி இருந்த நாளில், போகிற வழியில் இரண்டு பேரையும் ஆய்வுக்கூடத்துக்கு வரச்சொன்னாள் ரிஷானி. குணசேகரம் வருவதற்கு ஒப்புக்கொண்டது, மனைவியை ஆஸ்பத்திரிக்குத் தனியே விட மனமில்லாததால்தான்.

ரிஷானி உண்மையான கல்லைப் பஞ்சுத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். நகலைவிட அது சிறியதாகத் தோன்றியது. தேன் நிறம். நெளிவுகளில் இன்னும் மண் இருந்தது.

"மாமா, நான் முழுக்கப் பிழையாப் பார்த்திட்டன்" என்றாள். "அடிச்ச ஆளைப் பற்றியே யோசிச்சுக்கொண்டிருந்தன். பிடிச்ச ஆளைப் பற்றி நான் கேக்கவேயில்லை. அன்ரியின்ர கையைப் பார்த்த பிறகுதான் திரும்ப எடுத்துப் பார்த்தன். இதைப் பாருங்கோ."

கல்லின் விளிம்பிலிருந்து விலகி, பக்கச் சரிவில், நகத்தால் கீறியதுபோல ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது.

"இதில அடி வழுக்கியிருக்கு. பாறையில வைச்சு உடைக்கேல்ல எண்டு முந்தியே தெரியும். ஆரோ முன்னால இருந்து கையால பிடிச்சிருக்கினம் எண்டா, அந்தாளின்ர விரல் இந்த இடத்தில இருந்திருக்கும்."

குணசேகரம் கண்களை மூடினார். அவருடைய இடது கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது.

"அதோட நிப்பாட்டிச்சினமோ?" என்று கேட்டது ஜெயகௌரி.

"இல்லை அன்ரி." ரிஷானி விரலால் தொடாமல் சுட்டிக் காட்டினாள். "அதுக்குப் பிறகும் சில்லு எடுத்திருக்கினம். இது, பிறகு இது. ஆனா கல்லைப் பிடிச்ச விதம் மாறியிருக்கு. அதே ஆள் மற்றக் கையால பிடிச்சிருக்கலாம். வேற ஆள் வந்து பிடிச்சிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. கல்லு அதைச் சொல்லாது."

"நியண்டர்தாலோ, எங்கட ஆக்களோ?" என்று கேட்டார் குணசேகரம்.

"அதுவும் சொல்லாது."

இறைச்சியை வெட்டவோ, தோலைச் சுரண்டவோ அந்தக் குகையில் ஒரு கூரான ஓரம் தேவைப்பட்டிருக்கும். ஒருவரிடம் அடிக்கத் தெரிந்த ஒற்றைக் கை இருந்தது. இன்னொருவர் பயத்தை விழுங்கிக்கொண்டு எதிரே இருந்து கல்லை நீட்டினார். பெயரும் இனமும் அழிந்துபோன அந்த இருவரையும் நினைக்கும்போது ஜெயகௌரிக்குக் கும்பிடவேண்டும்போல இருந்தது. கட்டுப் போட்ட கையோடு மற்றக் கையைச் சேர்க்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்தாள்.

குணசேகரம் அவள் பக்கம் திரும்பினார். அடி விழுந்த நாளிலிருந்து அவர் ஒருமுறை கூடக் கேட்காததைக் கேட்டார்.

"நொந்ததோ?"

ஒண்டுமில்லை என்ற சொல் ஜெயகௌரியின் நுனிநாக்கு வரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"ஓம். சரியா நொந்தது. இப்பவும் நோகுது. இரவில நித்திரை இல்லை."

அவர் தலையை ஆட்டினார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். "பசிக்குது."

ஜெயகௌரியின் தோள்பையில் இந்திரா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. ஆஸ்பத்திரியில் நேரம் ஆகும் என்று கொண்டுவந்தது. அவள் அவசரமாக அதை எடுத்து மேசையில் வைக்கப் போக, ரிஷானி பதறினாள்.

"ஐயோ அன்ரி, இஞ்ச வேண்டாம்! கல்லில குழம்பு பட்டா என்னை ஊரை விட்டே கலைச்சுப்போடுவாங்கள்."

வெளியே, ஏரியைப் பார்த்தபடி ஒரு நீள மர வாங்கு இருந்தது. அதில் போய் இருந்தார்கள். பெட்டியின் மூடி இறுக்கமாக இருந்தது. ஜெயகௌரி மடியில் வைத்து இடது கையால் நெம்பினாள், பெட்டி வழுக்கியது. குணசேகரம் வாங்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே வைத்து இழுத்தார். பெட்டியே கூட வந்தது. ரிஷானி உதவ ஒரு அடி எடுத்து வைத்தவள், ஏதோ நினைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இஞ்ச தாங்கோ" என்று ஜெயகௌரி பெட்டியை வாங்கி இடது கையால் அடியை இறுக்கிப் பிடித்து, அவர் பக்கமாகச் சரித்தாள். அவர் இடது கையால் மூடியின் ஓரத்தைப் பற்றி மெதுவாக, மிக மெதுவாக இழுத்தார். அது திறந்துகொண்டது. புட்டில் ஒரு பிடி அவருடைய காற்சட்டையில் கொட்டியது.

கரண்டி வைக்க இந்திரா மறந்துவிட்டாள். பாடசாலைப் பிள்ளைகள் சிலர் ஆசிரியையோடு அந்த வழியாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி அவருடைய மொட்டைக் கையையே பார்த்துக்கொண்டு போனாள். குணசேகரத்தின் முகம் சிவந்தது. பெட்டிக்கு மேலே அவருடைய கை அசையாமல் நின்றது. ஜெயகௌரி ஏரியைப் பார்க்கவில்லை, இந்தமுறை அவரையே பார்த்தாள். பிறகு தன் இடது கையைப் பெட்டிக்குள் விட்டு, பழக்கமில்லாமல் சிந்தச் சிந்த ஒரு வாய் அள்ளிப் போட்டாள்.

அவரும் அள்ளினார்.

குளிர்ந்த காற்று ஏரியிலிருந்து வந்தது. அவளுடைய வலது கையின் இரண்டு விரல்களும் கட்டுக்குள் நீட்டியபடி மடங்காமல் கிடந்தன. அவர் மென்று விழுங்க வெகுநேரம் எடுத்தார். ஒட்டிய தொண்டையில் ஒவ்வொரு வாயும் இறங்குவது வெளியே தெரிந்தது.

"உறைப்புக் காணுமோ?" என்று கேட்டாள் அவள்.

"காணாது, குறைவு" என்றார் அவர். "இந்திராவின்ர கை எண்டைக்குமே இப்பிடித்தான். ரிஷானி, போய்க் கொம்மாட்டைச் சொல்லு."